டிஎன்ஏ சேதம், புற்றுநோய், குழந்தையின்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோயையும் குழந்தையின்மையையும் ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்? இரண்டும் வேறு வேறு பிரச்சினை இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் எதிரெதிர்தான். ஒன்றில் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன, இன்னொன்றில் பல நேரம் இருக்க வேண்டிய செல்களே இல்லாமல் போகின்றன. ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கலாம். டிஎன்ஏ அடிபட்ட செல்லுக்கு மூன்று வழிகள்தான் இருக்கின்றன: பழுதைச் சரிசெய்துகொள்வது, செத்துப்போவது, பழுதோடேயே பிழைத்துக் கிடப்பது. சாக வேண்டிய செல் சாகாமல் பழுதோடு பெருக ஆரம்பித்தால் அது புற்றுநோய் வரை போகலாம். கருமுட்டைகளும் விந்தணுவை உண்டாக்கும் செல்களும் பழுதைத் தாங்காமல் செத்துக்கொண்டே போனால் குழந்தையின்மை.

1927இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். ஈக்களின் சந்ததியில் மரபணு மாற்றங்கள் எக்கச்சக்கமாகக் கூடின, அதே கதிர் அந்த ஈக்களின் இனப்பெருக்கத் திறனையும் குறைத்தது. இரண்டு விளைவும் ஒரே பரிசோதனையில் வந்துவிட்டன. அந்த வேலைக்கு அவருக்கு 1946இல் நோபல் பரிசு கிடைத்தது.

டிஎன்ஏ சேதம், மரபணு மாற்றம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால் மீதிப் பாதி தானாகப் புரிந்துவிடும். நம் மரபுத் தொகுப்பு ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள், அதாவது வரிசையாகக் கோத்த ரசாயன அலகுகள், கொண்டது. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. சேதம் என்றால் அந்தப் பிரதியில் ஏற்படும் கிழிசல், கறை மாதிரி: ஓர் எழுத்தின் மேல் ஏதாவது ரசாயனம் வந்து ஒட்டிக்கொள்ளும், பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், ஓர் இழை அறுந்துபோகும், மோசமான நாளில் இரண்டு இழையும் சேர்ந்தே அறுந்துபோகும். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்வதற்கு முன்பே செல் தன்னை நகலெடுத்துவிட்டால், கறை படிந்த இடத்தில் தப்பான எழுத்து உட்கார்ந்துவிடும். அதுதான் மரபணு மாற்றம். புது நகலைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை, ஒழுங்கான எழுத்துதான். அதனால் அதை யாரும் திருத்த வர மாட்டார்கள்.

வெளியிலிருந்து எதுவும் தாக்காவிட்டால் டிஎன்ஏ பத்திரமாக இருக்குமா?

இருக்காது. உடம்புச் சூடு, செல்லுக்குள் இருக்கும் தண்ணீர், மூச்சில் வரும் ஆக்சிஜன் இவை போதும். ஒவ்வொரு செல்லிலும் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் இடங்களில் சேதம் நடக்கிறது. இதைப் பழுதுபார்க்கத் தனித்தனிக் குழுக்களாகப் புரதங்கள் ராப்பகலாக வேலை செய்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சங்கார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

உடம்பே சரிசெய்துகொள்கிறது என்றால் வெளித் தாக்குதலுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

பழுதுபார்க்கும் வேலைக்கும் ஓர் அளவு இருக்கிறது, அதுவும் நூற்றுக்கு நூறு சரியாக நடப்பதில்லை. குறிப்பாக இரண்டு இழையும் அறுந்தால், அவசரத்துக்கு முனைகளை எப்படியோ ஒட்டிவிடும் முறை ஒன்று இருக்கிறது. அதில் எழுத்துகள் விடுபடும், சில நேரம் வேறு குரோமோசோமின் துண்டோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

பழுதுபார்ப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் செரோடெர்மா பிக்மெண்டோசம் என்ற பரம்பரை நோய் சாட்சி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பக்கத்து எழுத்துகளைப் பிணைத்துவிடும்போது அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாக எழுதும் குழு இவர்களுக்கு வேலை செய்யாது. சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய், சிலருக்கு பத்து வயதுக்கு முன்பே. மற்றவர்கள் மேல் விழும் அதே வெயில்தான் இவர்கள் மேலும் விழுகிறது.

எவையெல்லாம் டிஎன்ஏவைத் தாக்குகின்றன?

முதலிடம் புகையிலைக்குத்தான், இரண்டாவது பெயர் சொல்வதற்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அதில் 70 அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. பென்சோபைரீன் என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது அப்படியே டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது. ஈரல், நுரையீரல் செல்கள் அதை உடம்பிலிருந்து கழுவி வெளியேற்றுவதற்காகத் தண்ணீரில் கரையும்படி மாற்றுகின்றன. அப்படி மாற்றும் வழியில் உருவாகும் இடைப்பொருள்தான் டிஎன்ஏவின் குவானின் எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சுத்தம் செய்யப்போய் வந்த வினை. அது எங்கெங்கே ஒட்டுகிறது என்று ஆய்வகத்தில் பார்த்தபோது, பழுதான செல்லைச் சாகச் சொல்லும் பி53 என்ற மரபணு நுரையீரல் புற்றுநோயில் எந்த இடங்களில் அடிக்கடி கெட்டிருக்கிறதோ அதே இடங்களில் ஒட்டியிருந்தது.

இந்த மாதிரிக் கைரேகை மற்றவற்றுக்கும் உண்டு. நுரையீரல் கட்டியின் டிஎன்ஏவை முழுவதும் படித்தால் புகையின் ரேகை தெரியும், தோல் கட்டியில் வெயிலின் ரேகை தெரியும். சரியாகக் காயாமல் சேமித்த தானியத்திலும் கொட்டையிலும் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் ஈரல் புற்றுநோயில் பி53இன் 249ஆம் இடத்தைக் குறிபார்த்துக் கெடுக்கும். மது உடம்புக்குள் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது, அதுவும் டிஎன்ஏவில் ஒட்டும் சரக்குதான், இதில் விலை உயர்ந்த மது, மலிவான மது என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்கு, மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் வாயு நுரையீரல் புற்றுநோய்க்கு. ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலைச் சுற்றிய உறையில் போய்க் குத்திக்கொண்டு உட்கார்ந்து, 20, 30, 40 வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

தொழிலோடு புற்றுநோயை முதன்முதலில் முடிச்சுப்போட்டவர்களில் ஒருவர் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர். புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன்களாக இருந்து வளர்ந்தவர்களுக்கு விதைப்பைத் தோலில் புற்றுநோய் வருவதை 1775இல் எழுதினார். காரணம் புகைக்கரி. டிஎன்ஏ என்ற சொல்லே அப்போது கிடையாது.

ஒரே ஒரு சேதம் போதுமா புற்றுநோய் வர?

பெரும்பாலும் போதாது. பெருகச் சொல்லும் மரபணு ஒன்று ‘ஆன்’ ஆகி நின்றுவிட வேண்டும், நிறுத்தச் சொல்லும் மரபணு கெட வேண்டும், ‘சரிசெய்ய முடியாவிட்டால் செத்துப் போ’ என்று உத்தரவிடும் பி53 மாதிரியான காவல்காரனும் பல நேரம் போக வேண்டும். இவையெல்லாம் ஒரே செல் வம்சத்தில் சேர வருடக்கணக்கில் ஆகும். அதனால்தான் இன்றைக்குப் புகைத்தால் நாளைக்குப் புற்றுநோய் வருவதில்லை, அதனால்தான் பலர் தைரியமாகப் புகைக்கிறார்கள். அப்புறம் ஒரு சுவாரசியம்: யானைக்கு பி53 மரபணு 20 ஜோடி இருக்கிறது, நமக்கு ஒரே ஜோடி. யானைச் செல்லில் டிஎன்ஏ கொஞ்சம் அடிபட்டாலே அது சட்டென்று செத்துவிடுகிறது. அவ்வளவு பெரிய உடம்பில் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

கருமுட்டைக்கு என்ன ஆகிறது?

யானைச் செல்லின் குணம் கருமுட்டைக்கு உண்டு. பிறக்கும்போதே ஒரு பெண் குழந்தையின் சினைப்பைகளில் 10 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும், வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம், வாழ்நாள் முழுவதும் வெளிவருவது 400, 500தான். புதிதாக உற்பத்தி கிடையாது. ஒவ்வொரு முட்டையும் பல வருடம் பாதித் தூக்கத்தில் காத்திருக்கிறது. அதற்குள் பி63 என்ற புரதம், பி53க்குச் சொந்தக்காரன், பூட்டிய நிலையில் இருக்கும். டிஎன்ஏ இழைகள் அறுந்தால் பூட்டு திறந்துகொள்ளும், முட்டை தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். மற்ற செல்கள் ‘பரவாயில்லை, ஒட்டுப்போட்டு ஓட்டலாம்’ என்று விடும் அளவு சேதத்துக்கே முட்டை செத்துவிடும்.

கொடுமையாகத் தெரிகிறதா? பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். கெட்டுப்போன டிஎன்ஏவை அடுத்த தலைமுறைக்கு அனுப்பாமல் இருக்க உடம்பு கொடுக்கும் விலை அது. 2 கிரேக்கும் (கிரே என்பது உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு) குறைவான கதிர்வீச்சே சினைப்பையில் பாதி முட்டைகளை அழிக்கப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது ஒன்றிரண்டு வருடம் முன்னதாக வருவதும் இதே பாதையில்தான் என்று நினைக்கிறார்கள். எந்த வயதில் மாதவிடாய் நிற்கும் என்பதோடு தொடர்புள்ள மரபணுக்களைப் பெரிய அளவில் தேடியபோது, அதில் நிறையப் பேர் டிஎன்ஏ பழுதுபார்க்கும் கோஷ்டியைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள்.

ஆண்களுக்கு?

ஆணுக்குக் கதை வேறு. அங்கே மூலச் செல்கள் இருக்கின்றன, உற்பத்தி ஓயாமல் நடக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரத் தயாராக இன்னும் ஓரிரு வாரம், ஆக மொத்தம் மூன்று மாதம். அதனால் இன்றைய பரிசோதனை முடிவு மூன்று மாதத்துக்கு முந்தைய வாழ்க்கையைத்தான் காட்டும். மூலச் செல் பிழைத்திருந்தால் எண்ணிக்கை திரும்பி வரும். அதுவும் அழிந்துபோனால் வராது. விதைப்பையில் 0.15 கிரே பட்டாலே எண்ணிக்கை தற்காலிகமாக விழும், நிரந்தர மலட்டுத்தன்மைக்கு 3.5 முதல் 6 கிரே வரை வேண்டும். ஒரே தடவையில் கொடுக்காமல் பல நாளாகப் பிரித்துக் கொடுத்தால் மற்ற உறுப்புகளுக்குக் கொஞ்சம் தேவலை; விதைப்பைக்கு அது இன்னும் மோசம்.

கடைசிக் கட்ட விந்தணுவுக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டி மூட்டை கட்டிவிடுவதால் பழுதுபார்க்க இடமே இல்லை. அந்த வேலையைக் கருவுற்ற பிறகு முட்டைதான் செய்தாக வேண்டும். வயதான முட்டையாக இருந்தால் அதற்கும் தெம்பு குறைவு.

தொழிலிடத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தார்கள், யார் வீட்டிலும் குழந்தை பிறப்பதில்லை என்று. 1977இல் பரிசோதித்தால் பலருக்கு விந்தணுவே இல்லை. அவர்கள் கையாண்டது டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி, அதாவது வேரைத் தாக்கும் நூற்புழுக்களுக்கான மருந்து. விலங்குகளில் அது புற்றுநோயையும் உண்டாக்கியது. 1979இல் அமெரிக்கா பெரும்பாலான பயன்பாட்டுக்குத் தடை போட்டது. சிலருக்கு விந்தணு திரும்பியது, நீண்ட காலம் வேலை செய்த சிலருக்குத் திரும்பவே இல்லை.

புற்றுநோய் சிகிச்சையே குழந்தையின்மையைக் கொண்டுவருமா?

கொண்டுவரலாம், அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏவை உடைத்துத்தான் அதைக் கொல்கின்றன. சைக்ளோபாஸ்பமைடு மாதிரியான மருந்துகளின் பூர்வீகம் முதல் உலகப் போரின் கடுகு வாயுக் குடும்பம். அவை எழுத்துகளைக் குறுக்காகப் பிணைத்துப் போடும். கட்டியோடு சேர்ந்து சினைப்பையும் விதைப்பையும் அடி வாங்கும், பல வருடம் கழித்துச் சிலருக்கு ரத்தப் புற்றுநோய்கூட வரும். எல்லா மருந்தும் ஒரே மாதிரி இல்லை. மருந்து, மொத்த அளவு, வயது மூன்றையும் பொறுத்தது. 25 வயதில் தாங்கும் சினைப்பை 40இல் தாங்காது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது சிகிச்சை தொடங்கப்போகிறது என்றால் இந்தப் பத்தியை மட்டுமாவது முழுவதும் படியுங்கள். முதல் கீமோவுக்கு முன்பு கேளுங்கள், பிறகு அல்ல. ஆண் என்றால் விந்து உறைவைப்பு ஒரு நாள் வேலை. பெண் என்றால் முட்டை அல்லது கரு உறைவைப்புக்குச் சுமார் இரண்டு வாரம் வேண்டும், பல புற்றுநோய்களில் அந்த இரண்டு வாரம் கிடைக்கும். வயதுக்கு வராத பெண் குழந்தைகளுக்குச் சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைக்கும் வழி இருக்கிறது. மருத்துவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். உயிரைக் காப்பாற்றும் பரபரப்பில் இந்தப் பேச்சு விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். சிகிச்சை முடிந்த கையோடும் கருத்தரிக்க முயற்சிக்கக் கூடாது, மருந்துக்குத் தகுந்தபடி பல மாத இடைவெளி சொல்வார்கள்.

பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருப்பவர்களுக்குக் குழந்தைப் பேறும் பாதிக்குமா?

பிஆர்சிஏ 1, 2 இரண்டும் இரண்டு இழை முறிவைப் பிசகில்லாமல் சரிசெய்யும் புரதங்களுக்கானவை. அவை கெட்டிருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். பிஆர்சிஏ 1 உள்ளவர்களுக்கு முட்டை இருப்பும் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கத்தான் செய்கிறது. இன்னும் கடுமையான நோய்களில் இந்தத் தொடர்பு பளிச்சென்று தெரியும்: குறுக்காகப் பிணைந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய முடியாத ஃபன்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயில் புற்றுநோயும் வரும், மலட்டுத்தன்மையும் வரும். காரணம், விந்தணுவும் முட்டையும் உருவாகும் செல் பிரிவில் உடம்பு தன் டிஎன்ஏவைத் தானே நூற்றுக்கணக்கான இடங்களில் வெட்டுகிறது! அப்பா வழிக் குரோமோசோமும் அம்மா வழிக் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்ளத்தான் இந்த வெட்டு. பிறகு அதையெல்லாம் ஒட்டியாக வேண்டும். ஒட்டும் ஆள் இல்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

எனக்குப் பட்ட கதிர்வீச்சு, நான் எடுத்த கீமோ எல்லாம் என் பிள்ளையைப் பாதிக்குமா?

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான், தரவுகள் ஓரளவு ஆறுதல் தருவதும் இங்கேதான். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் சில வருடங்களிலும், மற்ற புற்றுநோய்கள் அதற்குப் பின் பல பத்தாண்டுகளும் கூடுதலாக வந்தன. ஆனால் குண்டு விழுந்த பிறகு கருவான 70,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில் பிறவிக் குறையோ புற்றுநோயோ தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. செர்னோபில் அணு உலை விபத்து 1986இல் நடந்தது. கதிர்வீச்சு பட்ட பெற்றோருக்குப் பிறகு பிறந்தவர்களின் டிஎன்ஏவைப் படித்த 2021 ஆய்விலும் புது மாற்றங்கள் வழக்கத்தைவிட அதிகமில்லை. மேலே சொன்ன ‘செத்துப்போகும்’ குணத்துக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். கருவாக வயிற்றில் இருந்தபோதே கதிர்வீச்சு பட்டவர்கள் கதை வேறு, அவர்களில் சிலருக்கு மூளை வளர்ச்சி பாதித்தது.

சி.டி. ஸ்கேன் எடுத்தேன், கவலைப்படலாமா?

இயற்கையில் இருந்தே உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (எக்ஸ் கதிரில் 1 கிரே என்பது ஏறக்குறைய 1,000 மில்லிசீவர்ட்) நமக்கு வந்துகொண்டிருக்கிறது. மார்பு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. வயிற்று சி.டி. 8, 10 ஆகும். மலட்டுத்தன்மைக்குத் தேவைப்படும் அளவுக்குப் பக்கத்தில்கூட இது வராது. புற்றுநோய் அபாயம் மிகச் சிறிய அளவில் கூடும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகமாக. மருத்துவர் காரணத்தோடு கேட்டால் எடுங்கள். ‘எதற்கும் ஒன்று எடுத்துப் பார்ப்போமே’ என்று நீங்களாகப் போய் நிற்காதீர்கள்.

விந்தணு டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை எடுக்கவேண்டுமா?

எல்லோருக்கும் முதல் சோதனையாக அது தேவையில்லை. திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகும் தம்பதிகளில் மருத்துவர் யோசிக்கலாம். சிதைவு அதிகம் என்று வந்தால் புகை, விதைப்பை நாள வீக்கம், நோய்த்தொற்று, சூடு என்று காரணத்தைத் தேட வேண்டும்.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட், அதனால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020இல் வெளியான ஒரு பரிசோதனையில் குழந்தையின்மை உள்ள ஆண்களுக்கு வைட்டமின் சி, இ, செலினியம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுவும் மேம்படவில்லை, டிஎன்ஏ சிதைவும் குறையவில்லை. புற்றுநோய்ப் பக்கம் இன்னும் மோசம். பின்லாந்தில் சுமார் 29,000 புகைக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் *கூடுதலாக* வந்தது.

செல்போன்?

அதன் அலைக்கு டிஎன்ஏ பிணைப்பை உடைக்கும் ஆற்றல் கிடையாது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்’ என்ற பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. பதப்படுத்திய இறைச்சியும் சிகரெட்டும் ஒரே முதல் பிரிவில் இருப்பது அதனால்தான், இரண்டும் சமம் என்று அர்த்தமில்லை.

இருபது வருடம் புகைத்தாயிற்று. இனி நிறுத்தி என்ன பயன்?

நிறுத்திய 10, 15 வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் தொடர்ந்து புகைப்பவரின் அபாயத்தில் பாதியாகிவிடும். விந்தணு இன்னும் சீக்கிரம்: மூன்று மாதம் கழித்து வருவது புகை படாத சரக்கு. போன முட்டைகள் திரும்ப வராது, இருக்கும் முட்டைகள் போகும் வேகம்தான் குறையும்.

விந்தணு எண்ணிக்கை குறைவு என்று சொன்னார்கள். எனக்குப் புற்றுநோயும் வருமா?

வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் குழந்தையின்மை உள்ள ஆண்களிடம் விதைப்பைப் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் காணப்படுகிறது, மொத்தத்தில் அது அரிய நோய்தான் என்றாலும். அதனால் விந்துப் பரிசோதனைத் தாளை மட்டும் காட்டிவிட்டு மருந்துச்சீட்டோடு திரும்பாமல், ஒருமுறை உடலைத் தொட்டுப் பார்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வலியில்லாத கட்டியோ வீக்கமோ கையில் தட்டுப்பட்டால் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும் புற்றுநோய் அது.